பழுதாகுமுன் பழுதுபார்க்கலாமா?



வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் நம் பிள்ளைகள் ஆசையாக ஒரு கார் வாங்குவதும், சில மாதங்களில் அது வீட்டார் அனைவருக்குமான வாகனமாகிவிடுவதும் நம் குடும்பங்களில் வழக்கம்தான். குவைத்திலிருந்து திரும்பிய என் தம்பி, ஆறு ஆண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சென்னையில் வாங்கி மங்களூருக்கு ஓட்டி வந்தான். மாதம் ஒருமுறை அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பும் அந்தக் காருக்கே வந்து சேர்ந்தது. தாழ்ந்த இருக்கையில் சிரமப்பட்டு அமர்ந்தாலும், மகன் வாங்கிய கார் என்பதில் அம்மாவுக்கு மகிழ்ச்சியே.

வழக்கமான சர்வீசுக்காகத் திருச்சிக்குக் கொண்டு சென்றபோது அங்கிருந்த மெக்கானிக் ஓர் எச்சரிக்கை சொன்னார். இந்த வகைத் தானியங்கி கியர்பாக்ஸ்களில் சில திடீரெனச் செயலிழப்பதுண்டு. இப்போது குறை எதுவும் தெரியாவிட்டாலும், கிளட்ச் தொகுதியையும் கட்டுப்பாட்டுப் பகுதியையும் முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது என்றார். செலவு இரண்டரை லட்சம் ரூபாய். கையிலிருந்த தொகையோ அம்மாவின் உம்ராவுக்காக ஒதுக்கியது.

“ஓடுற வண்டியை எதுக்குண்ணே பிரிக்கணும்?” என்றான் தம்பி. “நடுரோட்டுல நின்னுட்டா என்னப்பா செய்வீங்க?” என்றார் அம்மா. இரண்டுமே நியாயமான கேள்விகள். முடிவை என்னிடம் விட்டார்கள்.

இந்தக் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச்கள் உண்டு. ஒன்று 1, 3, 5, 7 ஆகிய கியர்களையும், மற்றொன்று 2, 4, 6 ஆகியவற்றையும் ரிவர்ஸையும் இயக்கும். ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது தயாராக இருப்பதால் மாற்றம் நொடிப்பொழுதில் நிகழ்கிறது. எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் என்றால், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது சூடேறித் தேயும். இரண்டையும் ஆட்டிவைக்கும் மின்னணு, ஹைட்ராலிக் பகுதி கெட்டால் பாதிக் கியர்கள் மறையலாம். இழுவிசை முழுதுமே அறுந்துபோகலாம்.

எங்கள் கார் வேறொரு நிறுவனத்தினுடையது என்றாலும், இவ்வகைக் கியர்பாக்ஸின் வரலாற்றில் ஒரு பாடம் கிடைத்தது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தன் ஏழு வேகக் கியர்பாக்ஸுக்கான உத்தரவாதத்தைச் சீனாவில் 2012-இல் 10 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என நீட்டித்தது. 2013 மார்ச்சில் அங்கே 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில், உலகெங்கும் ஏறத்தாழ 16 லட்சம் கார்களில் செயற்கை கியர் எண்ணெயை நீக்கிக் கனிம எண்ணெய் ஊற்றுவதாக அறிவித்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் பழைய எண்ணெயால் மின்கோளாறு நேரலாம் என்பதே காரணம். எண்ணெயே காரணமாயிருக்க, பாகத்தை மட்டும் மாற்றி அதே எண்ணெயை மீண்டும் ஊற்றினால் பயனென்ன?

ஆகவே மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன். கெடக்கூடிய பாகம் எது என்று உறுதியாகத் தெரியுமா? புதிதாகப் போடும் பாகம் பழையதினும் திருத்தப்பட்டதா, அல்லது அதே வடிவமா? அது கெட்டால் இழப்பது பணம் மட்டுமா, உயிருக்கும் ஆபத்தா?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளையிலிருந்து எடுத்த பொருளைத் தட்டி, ஒலியைக் கொண்டே கீறலைக் கண்டுபிடிப்பார்கள். கியர்பாக்ஸைத் தட்டிப் பார்க்கும் கருவி ஸ்கேனர். அதில் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை; கிளட்ச் தேய்மானமும் வரம்புக்குள்ளேயே இருந்தது. புதுப் பாகம் திருத்தப்பட்டதா என்ற கேள்விக்கு, அதே வடிவம்தான் என்று மெக்கானிக் நேர்மையாகச் சொன்னார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ‘இல்லை’ என்றாகிவிட்டது.

மூன்றாவது கேள்வி அவ்வளவு எளிதன்று. இழுவிசை அறுந்தாலும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும். நான்குவழிச் சாலையில் ஓரம் கட்டிவிடலாம். குறுகிய சாலையில் கரும்பு டிராக்டரை முந்தும்போது, எதிரே லாரி வரும் வேளையில் அப்படி நேர்ந்தால்? அம்மாவின் உயிர் எங்களிடம் உள்ள அமானிதம். அதைச் சதவீதக் கணக்கில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இப்படி அமைந்தது. கியர் எண்ணெயை மாற்றினோம். கட்டுப்பாட்டு மென்பொருளைப் புதுப்பித்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனர் சோதனை. நெரிசலில் பிரேக்கைப் பாதி அழுத்தி ஊர்வதில்லை. நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரல். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது நடுக்கம் தெரிந்தால் அன்றே பட்டறை. அம்மாவின் ஜிப்மர் பயணத்துக்கு மட்டும் வாடகைக் கார். மாதந்தோறும் ஒரு தொகை, பிற்காலப் பழுதுக்கென்று தனியே. உம்ராப் பணத்தில் கை வைக்கவில்லை. இன்ஷா அல்லாஹ், வரும் குளிர்காலத்தில் அம்மா புறப்படுகிறார்.

இடையில் உறவினர் ஒருவர், “பேசாம வித்துடுங்களேன்” என்றார். விற்கலாம், ஆனால் மெக்கானிக் சொன்னதை வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். உறுதிப்படாத குறையைக் கூடவா சொல்ல வேண்டும் என்று தம்பி கேட்டான். சந்தேகத்தைச் சந்தேகமென்றே சொல்லலாமே என்றேன். அந்தச் சந்தேகத்துக்காகத்தானே நாமே இரண்டு வாரம் உறங்காமல் இருந்தோம்? அதை அறியும் உரிமை வாங்குபவருக்கும் உண்டு.

உங்கள் வீட்டிலும் இத்தகைய கேள்வி எழலாம். அது கியர்பாக்ஸாக இருக்கலாம். மாடிச் சுவரின் விரிசலாகவோ பழைய மின்கம்பியாகவோ இருக்கலாம். அச்சம் சொல்வதைக் கேட்டு அனைத்தையும் பிரித்துப் போடவும் வேண்டாம். அலட்சியத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டவும் வேண்டாம். முதலில் சோதித்துப் பாருங்கள். பணத்துக்கு நேரும் ஆபத்தையும் உயிருக்கு நேரும் ஆபத்தையும் வேறு வேறாக வைத்து எண்ணுங்கள். முன்னதில் பொறுத்திருக்கலாம், பின்னதில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.