சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு



“சொந்தமாத் தொழில் தொடங்குங்க, சாதியெல்லாம் தானாப் போயிரும்” என்ற அறிவுரையைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. நாங்களும் அதைக் கொஞ்சம் நம்பித்தான் 2023 ஜூனில் ஆரப்பாளையத்தில் மதியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைத் தொடங்கினோம். நாங்கள் என்றால், எங்கள் தெரு மகளிர் குழுவின் அக்காமார் ஐந்து பேர், வண்டி ஓட்டும் தம்பி ஒருவர், கணக்கும் காகித வேலையும் பார்க்கும் சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர்.

தொடங்குவது கடினமாக இல்லை. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் சாதாரணப் பதிவே போதுமானதாக இருந்தது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், கையில் ஒரு 14 இலக்க எண். உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. ஒரு அக்கா வீட்டின் பின்கட்டில் இரண்டு அடுப்பு. சோறு, சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல் 70 ரூபாய். புதன்கிழமை மட்டும் முட்டைக் குழம்பு.

செயலியில் சேரலாமா என்று முதலில் கணக்குப் போட்டோம். எங்களிடம் கேட்ட கமிஷன் 25 சதவீதம். 70 ரூபாய்க்கு 17 ரூபாய் 50 காசு. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3 ரூபாய் 15 காசு. ஆக 20 ரூபாய் 65 காசு. அரிசி, பருப்பு, காய், கேஸ், டப்பா எல்லாம் போக ஒரு சாப்பாட்டில் எங்களுக்கு மிஞ்சுவதே 22 ரூபாய்தான். ஐந்து பெண்கள் விடியற்காலை எழுந்து அடுப்பில் வேகிறார்கள், மிச்சம் 1 ரூபாய் 35 காசா? செயலி வேண்டாம், வாட்ஸ்அப் போதும் என்று முடிவெடுத்தோம்.

காளவாசல் பக்கம் ஒரு அலுவலகம் தினமும் 18 சாப்பாடு எடுத்தது. மூன்று வாரம் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே ஒருவர் டப்பாவை வாங்கிக்கொண்டே தம்பியிடம் கேட்டிருக்கிறார்: “சாப்பாடு நல்லா இருக்குப்பா. எந்தத் தெருவுல சமைக்கிறாங்க?” தம்பி தெருப் பெயரைச் சொன்னார். நம் ஊரில் தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை நான்கு சாப்பாடு போதும் என்று செய்தி வந்தது. போன் செய்து கேட்டோம். “சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாரும் வீட்டுல இருந்து கொண்டாந்துர்றாங்க” என்றார்கள். யாரும் திட்டவில்லை. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பாருக்கும் திங்கட்கிழமை சாம்பாருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. 14 பேருக்கு மட்டும் பசி வேறு திசைக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து பேசினோம். “பேர மாத்திருவோம். ஏதாவது சாமி பேரு போட்டு ஹோம்லி மீல்ஸ்னு வச்சுக்குவோம். தெருவப் போட வேணாம்” என்றார் குழுவிலேயே இளைய அக்கா. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சமூகவியலில் முதுகலை படித்து, தூய்மை-தீட்டு பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதிய நாங்கள் இரண்டு பேரும் அதற்குத் தலையாட்டினோம். கூலி கொடுக்க வேண்டுமே என்ற பயம்தான் காரணம்.

மூத்த அக்காதான் மறுத்தார். “இருவது வருசமா அவுங்க வீடுகள்ல ஏனம் கழுவுனேன். நான் கழுவுன தட்டுல சாப்பிடலாம், நான் வடிச்ச சோத்தச் சாப்பிடக் கூடாதாக்கும்?”

அதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உணவு விசயத்தில் நம் முன்னோர் நடத்திய போராட்டம் பெரும்பாலும் உள்ளே நுழைவதற்கான போராட்டம். உணவகப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் 1957-இல் சென்னையில் மறியல் நடத்தினார். அரசியலமைப்பின் 15(2)-ஆவது பிரிவு கடைக்கும் உணவகத்துக்கும் நாம் போவதை யாரும் தடுக்கக் கூடாது என்கிறது. இரட்டைக் குவளைக்கு எதிராக வழக்குப் போட 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் 1989-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. அவர்கள் கடையில் நாம் சாப்பிடும் உரிமையை எழுத்திலாவது வாங்கிவிட்டோம். நம் அடுப்புச் சோற்றை அவர்கள் சாப்பிடுவார்களா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

2015-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கினார்கள். நல்ல திருத்தம். ஆனால் “வீட்டுல இருந்து கொண்டாறோம்” என்று சொல்லும் 14 பேர் மீது எதை வைத்துப் புகார் எழுதுவது?

திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் 2018-இல் அருந்ததியர் சமூகத்துச் சத்துணவுச் சமையலர் சமைக்கக் கூடாது என்று சிலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு வெளிப்படையாக நடந்தது. அவர் அரசு ஊழியர். அதனால் வழக்காக நின்றது. 2025 நவம்பரில் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்கே ஏழு ஆண்டு ஆனது. சொந்தத் தொழில் செய்யும் அக்காவுக்கு அப்படி ஒரு பிடிமானமும் கிடையாது.

செயலியில் இருந்திருந்தால் தெரு தெரிந்திருக்காது என்று சிலர் சொன்னார்கள். அங்கேயும் சாதி காத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2022 ஜூனில் லக்னோவில், தலித் என்று தெரிந்ததும் தன் கையிலிருந்து உணவை வாங்க மறுத்துத் துப்பினார்கள் என்று ஒரு விநியோக ஊழியர் புகார் கொடுத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2024 மார்ச் 19 அன்று சொமாட்டோ ‘சுத்த சைவ’ அணி என்று பச்சை உடை ஊழியர்களை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவும் மறுநாளே பச்சை உடையைக் கைவிட்டது. அணி மட்டும் தொடரும் என்றது. சமைக்கும் கை மறைந்தால் கொண்டுவரும் கையில் தீட்டைத் தேடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறாகச் செய்தவர் எழுத்தாளர் சந்திரபான் பிரசாத். 2016-இல் ஊறுகாய், மசாலாப் பொடி விற்கத் தொடங்கியபோது ‘தலித் ஃபுட்ஸ்’ என்றே பெயர் வைத்தார். வாங்குகிறவர் தெரிந்தே வாங்கட்டும் என்பது அதன் பொருள். மூத்த அக்காவுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். “அப்ப நம்மளும் தெருப் பேரப் போடுவோம்” என்றார்.

மறுவாரத்திலிருந்து டப்பா மூடியில் தெருப் பெயரோடு முழு முகவரியும் ஒட்டினோம். வெற்றிக்கதை என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். இரண்டு மாதம் அக்காமார் அரைக்கூலிதான் எடுத்தார்கள். பிறகு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி, திண்டுக்கல் வண்டிகளின் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் வாங்குகிறார்கள். இன்று தினமும் 50 சாப்பாடு போகிறது. அந்த அலுவலகத்தின் நான்கு பேர் இன்றும் வாங்குகிறார்கள். மூடியைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

நாங்கள் கற்றது இதுதான். நல்ல சமையல் சாதியை ஜெயிக்காது. கடனும் தனியாக ஜெயிக்காது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு, 6 சதவீத வட்டி மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் எந்தத் திட்டமும் முதலைத்தான் தரும், வாங்குகிற ஆளைத் தராது. வாங்குவதையும் கொள்கையாக்க வேண்டும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் சிறு குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற இலக்கு 2012 முதல் இருக்கிறது. அரசு அலுவலகக் கூட்டங்களுக்கும் கல்லூரி நிகழ்ச்சிகளுக்கும் வாங்கும் சாப்பாட்டில் அப்படி ஒரு பங்கை நாம் ஏன் கேட்கக் கூடாது?

அரசிடம் கேட்பதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். ஏப்ரல் 14-க்குக் கருத்தரங்கம் வைப்பீர்கள். மேடையில் அம்பேத்கர் படம் இருக்கும், சாதி ஒழிப்பு பற்றி நாள் முழுக்கப் பேசுவீர்கள். அன்று மதியம் நீங்கள் பரிமாறப்போகும் சோறு எந்தத் தெருவிலிருந்து வருகிறது?