சாயம் பூசுவதற்கு முன்

தீபாவளி நெருங்கினால் தாமான் முழுவதும் சாய வாசனைதான். ஆனால், நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை மிகுதி. ஈரச் சுவரில் பூசிய சாயம் விரைவில் கொப்புளித்து உரியும். ஆகவே ஜூலையிலேயே சாயக்காரரை அழைத்துவிட்டேன்.

அவர் வருமுன் பூச்சட்டிகளை அகற்றினோம். சுவரை உரசிய கறிவேப்பிலைக் கிளைகளை வெட்டினோம். வெயில் படாத பின்சுவரின் பாசியை அவர் ஆட்கள் கழுவிக் காயவிட்டார்கள்.

நான் பிடிவாதமாக நின்றது ஒன்றில்தான். எங்கள் வீடு 1970களில் கட்டப்பட்டது. சன்னல் கம்பிகளிலுள்ள பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். என் பேத்திக்குப் பதினொரு மாதம். உப்புத்தாளால் தேய்க்குமுன் நீர் தெளித்து நனைக்கச் சொன்னேன்.

"டீச்சர், இன்னும் ஒரு நாள் பிடிக்குமே!" என்றார் சாயக்காரர்.

அந்த ஒரு நாள் கூலிக்கு ஒப்புக்கொண்டேன். பேத்தியைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினோம். உரிந்த துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிய பிறகே சீலர் பூசினார்கள். என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? அதில் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.