ரங்கூன் வாட்ச்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே ரங்கூன் வாட்ச்தான். ஐயா, அதாவது அப்பாவோட அப்பா, பதினாறு வயதில் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் எடுபிடியாக இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. முதலாளி கொடுத்த வாட்சும் உடுத்திய வேட்டியுமாக அரக்கான் வழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தார். குன்றக்குடியில் எங்கள் தெருவில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. தினமும் மலைக்கோயில் உச்சிக்கால மணிக்கு வாட்சைச் சரிபார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம்.

ஐயா போன பிறகு அது அப்பத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடந்தது. போன வருஷம் எடுத்து என் கையில் கொடுத்தது.

"நீதான் இதெல்லாம் நோண்டுறியேப்பா. ஓட வச்சுக் குடு. கண்ண மூடுறதுக்குள்ள அந்தச் சத்தத்த ஒரு தடவ கேக்கணும்."

டயலில் 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி' என்று இருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை போட்டு விற்ற ஸ்விஸ் கம்பெனி. காலம் பொருந்துகிறது. ஆனால், காரைக்குடியில் எனக்கு வேலை பழக்கிய அண்ணன் சொல்வார்: "டயல நம்பாத தம்பி. மிஷின கேளு." பழைய வாட்சுகளில் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில், தகட்டில், மிஷின் செய்தவரின் முத்திரையும் எண்ணும் பொடியாகப் பொறித்திருக்கும். கேடய வடிவத்துக்குள் 'ஏ.எஸ்.' என்றிருந்தால் அடால்ஃப் ஷில்ட், ஸ்விட்சர்லாந்து. அப்படி ஏதாவது எதிர்பார்த்துத்தான் பின்மூடியைக் கழற்றினேன்.

எச்எம்டி. 17 ஜுவல்ஸ். 020.

எச்எம்டி பெங்களூரில் வாட்ச் ஆலை தொடங்கியதே 1961இல்தான். அதுவும் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு. இந்த 020 சிட்டிசன் மிஷினின் வழிவந்தது. ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி வந்த வாட்சுக்குள் ஜப்பான்காரன் வடிவமைத்த மிஷின்! டயலைக் கழற்றினால் அதன் இரண்டு கால்களையும் வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பின்மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறிய ஒரு தேதி: 14-6-78. ரிப்பேர் செய்தவர்கள் இப்படிக் குறித்துவைப்பது வழக்கம்.

ஐயா யாரிடமோ ஏமாந்தாரா, இல்லை எங்களை ஏமாற்றினாரா? இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை.

நோய் என்னவோ சாதாரணமானதுதான். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. முதலில் மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்க வேண்டும். கொக்கியை விலக்கிப் பிடித்து, சாவியை விரலுக்கிடையில் மெல்லத் திரும்பவிட வேண்டும். முறுக்கு இருக்கும்போதே மற்றதைக் கழற்றினால் சக்கரமெல்லாம் பிய்த்துக்கொண்டு சுற்றும். பேலன்ஸை ஹேர்ஸ்பிரிங்கோடு தூக்கி வைத்தேன். சக்கரங்களை ஒயிட் பெட்ரோலில் அலசி, கல்துளைகளைக் குச்சியால் குத்தித் துடைத்தேன். ஊசிமுனையில் ஒட்டுகிற அளவுதான் எண்ணெய். திரும்பப் பூட்டி, நாலு முறுக்கு கொடுத்து, பேலன்ஸை அதன் குழியில் இறக்கினேன். நான் தொடாமலே அது ஆட ஆரம்பித்தது. நொடிக்கு ஐந்து டிக்.

அப்பத்தாவிடம் சொல்லாமலே கொடுத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அப்பத்தா, உள்ள இருக்கறது ரங்கூன் மிஷின் இல்ல. யாரோ மாத்திருக்காங்க."

"யாரோ என்ன யாரோ. நான்தான்."

எழுபத்தெட்டில் வாட்ச் நின்றுபோனதாம். சாமான் கிடைக்காது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டாராம். ஐயா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குட்டியோடு நின்ற ஆட்டை விற்று, "மேல பாக்க அப்படியே இருக்கணும், உள்ள என்னத்தையாவது வச்சு ஓட வைங்க" என்று சொல்லி வாங்கிவந்திருக்கிறது.

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"தெரியுமோ என்னமோ. அவரும் கேக்கல, நானும் சொல்லல." வாட்சைக் காதில் வைத்துக்கொண்டது. "இந்தச் சத்தந்தான். அந்தப் பழசு வேற மாதிரி கேக்கும்."

ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பிந்துகிறது. இன்னும் சரிசெய்ய வேண்டும். பின்மூடியை மூடுவதற்கு முன்பே அந்தப் பழைய தேதிக்குக் கீழே என் தேதியையும் கீறிவைத்திருக்கிறேன்.