ஃபார்மேட் அடிக்கும் முன்: விண்டோஸ் ஏறாத ஒரு லேப்டாப்பின் கேஸ் ஷீட்

1/ லேப்டாப்பில் ஓஎஸ் ஏறலைன்னா நமக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இதுதான்: "டிஸ்க் போச்சு சார். மாத்திட்டு புதுசா போட்டுடலாம். டேட்டா வராது." எங்க துறையில் படிக்கும் ஒரு முதுநிலை மாணவியோட இரண்டு வருட தீசிஸ் இந்த ஒரு வரியில் போகப் பார்த்தது. அது எப்படித் தப்பிச்சதுன்னு ஒரு நீண்ட இழை. அவங்க அனுமதியோட எழுதறேன். பெயர், ஊர், கடை, லேப்டாப் கம்பெனி எதுவும் கேட்காதீங்க.

2/ டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம். நரம்பியல் வார்டில் முதல் கேள்வி "என்ன வியாதி?" இல்லை. "லெஷன் எங்கே?" ஒருத்தருக்குக் கை தூக்க முடியலை. கோளாறு மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, தசையிலா? இடம் தெரிஞ்ச பிறகுதான் அது அடைப்பா, கட்டியா, சர்க்கரையால வந்ததான்னு யோசிப்போம். ஓஎஸ் ஏறாத லேப்டாப்புக்கும் இதே வரிசைதான்.

3/ இன்ஸ்டாலேஷன் நாலு இடத்தில் நிக்கலாம்.
அ) பென் டிரைவே பூட் ஆகலை.
ஆ) பூட் ஆகுது, ஆனா டிஸ்க் தெரியலை, அல்லது "இந்த டிஸ்க்கில் போட முடியாது"ன்னு சொல்லுது.
இ) ஃபைல் காப்பி ஆகும்போது பாதியில் பிழை.
ஈ) எல்லாம் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆனதும் எழுந்திருக்கலை.
நாலுக்கும் காரணம் வேற, வைத்தியம் வேற. "இன்ஸ்டால் ஆகலை"ன்னு மட்டும் சொல்றது "உடம்பு சரியில்லை"ன்னு சொல்ற மாதிரி.

4/ இப்ப கேஸ். இரண்டு மூணு வருஷம் ஆன லேப்டாப். இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசர், 512 ஜிபி எஸ்எஸ்டி, வாங்கும்போதே விண்டோஸ் 11. ஒருநாள் காலையில் ஆன் பண்ணினா விண்டோஸ் வரலை. "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்"னு ஒரு நீலத் திரை. ரீஸ்டார்ட் பண்ணினா மறுபடியும் அதே திரை. தீசிஸ் சமர்ப்பிக்க மூணு வாரம்தான் இருக்கு.

5/ கடைக்குக் கொண்டு போயிருக்காங்க. அவர் பென் டிரைவ் போட்டு விண்டோஸ் ஏத்தப் பார்த்திருக்கார். டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. "டிஸ்க் செத்துப் போச்சும்மா, புதுசு போடணும்"னு சொல்லிட்டார். அவரை வில்லனாக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பல லேப்டாப் பார்க்கிறவர். ஓபியில் 200 பேர் நிக்கும்போது நாமும் முதல்ல தோணுற டயக்னோசிஸைத்தான் எழுதுவோம்.

6/ மறுநாள் வார்டுக்கு அழுத முகத்தோட வந்தாங்க. "கடைசியா பேக்கப் எப்பம்மா எடுத்த?" "அஞ்சு மாசம் முன்னாடி கைடுக்கு மெயில் பண்ணினது மட்டும்தான் சார் இருக்கு." அதுக்கப்புறம் சேர்ந்த நோயாளிகள், ஃபாலோ-அப், ஸ்கேன் படங்கள் எல்லாம் அந்த லேப்டாப்பில் மட்டும். ஒரு நோயாளியோட ஆறாம் மாத ஃபாலோ-அப்பை இரண்டாவது தடவை எடுக்க முடியாது. அந்த மாதம் போனா போனதுதான்.

7/ முதல்ல ஹிஸ்டரி. "கடைசியா நல்லா ஓடினப்ப என்ன நடந்தது?" ராத்திரி ஷட்டௌன் பண்ணும்போது அப்டேட் ஓடியிருக்கு. சார்ஜர் போடலை. பேட்டரி கம்மி. அப்படியே மூடி பையில் வெச்சிருக்காங்க. கீழே விழலை, தண்ணி படலை, அதுக்கு முன்னாடி லேப்டாப் மெதுவாகலை, ஹேங் ஆகலை. டிஸ்க் சாகிறதுக்கான ஹிஸ்டரி இது இல்லை. பாதியில் நின்ன அப்டேட்டுக்கான ஹிஸ்டரி.

8/ அடுத்து பரிசோதனை. அந்த நீலத் திரை எங்கிருந்து வருது? அது லேப்டாப்பின் டிஸ்க்கிலேயே இருக்கிற ரெக்கவரி பார்ட்டிஷன்லேர்ந்து வருது. பென் டிரைவ் செருகாமலேயே அது வருதுன்னா, டிஸ்க் படிக்கப்படுதுன்னு அர்த்தம். முழுசா செத்த டிஸ்க்கால இந்தத் திரையைக் காட்ட முடியாது.

9/ உறுதிப்படுத்த பயாஸ். ஆன் பண்ணின உடனே எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டினா பெரும்பாலான லேப்டாப்பில் வந்துடும், சிலதில் எஃப்10. அங்கே எஸ்எஸ்டியின் மாடல் எண்ணும் கொள்ளளவும் சரியா இருந்தது. ஆக, டிஸ்க் உயிரோட இருக்கு. பென் டிரைவில் இருக்கிற இன்ஸ்டாலர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியலை.

10/ ஏன்? இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டின்னு ஒரு அமைப்பு ஆன் ஆகியே வருது. எஸ்எஸ்டி நேரடியா தெரியாம, அந்த அமைப்பு வழியாத்தான் தெரியும். அதோட பேச ஒரு டிரைவர் வேணும். கம்பெனியில் போட்டுத் தந்த விண்டோஸில் அந்த டிரைவர் இருக்கும். பொதுவான இன்ஸ்டாலர் பென் டிரைவில் பெரும்பாலும் இருக்காது. அதனாலதான் காலி.

11/ இதில் வேடிக்கை என்னன்னா, காலித் திரையிலேயே விடை எழுதியிருக்கு. முதல் வாக்கியம்: டிரைவ் எதுவும் கிடைக்கலை. இரண்டாவது வாக்கியம்: ஸ்டோரேஜ் டிரைவர் வேணும்னா "லோட் டிரைவர்" அழுத்துங்க. எல்லாரும் முதல் வரியோட நிறுத்திடறாங்க. பிழைச் செய்தியை எப்பவும் கடைசி வரை படிங்க. இல்லைன்னா போனில் ஒரு போட்டோவாவது எடுத்து வெச்சுக்கோங்க.

12/ இடம் தெரிஞ்சாச்சு. உடனே டிரைவரைப் போட்டு இன்ஸ்டால் பண்ணிடலாமா? கூடாது. உள்ளே இரண்டு வருட உழைப்பு இருக்கு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தெரியாம ஃபார்மேட் அடிச்சாலும் ரெக்கவரி சாஃப்ட்வேர் வெச்சு ஓரளவு மீட்கலாம். எஸ்எஸ்டியில் "ட்ரிம்"னு ஒரு வேலை நடக்கும். அழிச்ச இடத்தை டிஸ்க்கே காலி பண்ணிடும். அதுக்கப்புறம் மீட்கிறது அனேகமா முடியாத காரியம்.

13/ டேட்டாவை முதல்ல எடுக்கணும். இங்கே இரண்டாவது பூட்டு: பிட்லாக்கர். நீலத் திரையில் உள்ளே போகப் போனா ரெக்கவரி கீ கேட்குது. மாணவி அதை விண்டோஸ் வாங்கும்போது தர்ற சீரியல் நம்பர்னு நினைச்சு, லேப்டாப் அட்டைப்பெட்டி முழுக்கத் தேடியிருக்காங்க. அது வேற. விண்டோஸ் புராடக்ட் கீ, எழுத்தும் எண்ணும் கலந்த 25 குறிகள். பிட்லாக்கர் ரெக்கவரி கீ, 48 இலக்கம், எண்கள் மட்டும்.

14/ "நான் பிட்லாக்கரே போடலையே சார்!" போட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் பண்ணினா பல லேப்டாப்களில் என்க்ரிப்ஷன் தானாவே ஆன் ஆயிடும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதுசா இன்ஸ்டால் பண்றப்ப இது இன்னும் பரவலாயிடுச்சு. சாவி, முதல்ல லாகின் பண்ணின அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காரும்.

15/ அவங்க கணக்கில் பார்த்தா சாவி இல்லை. அந்த அஞ்சு நிமிஷம் கஷ்டமா இருந்தது. அப்புறம் கேட்டேன்: "லேப்டாப் வாங்கினதும் முதல்ல செட் பண்ணிக் கொடுத்தது யாரும்மா?" "அண்ணன் சார். இப்ப துபாய்ல இருக்கான்." அண்ணனுக்கு வாட்ஸப் கால். அவர் கணக்கில் டிவைசஸ் பகுதியில் இந்த லேப்டாப்பும், பக்கத்திலேயே ரெக்கவரி கீயும். நீலத் திரையில் காட்டுற கீ ஐடியின் முதல் 8 குறிகளும் அங்கே இருக்கிறதும் ஒத்துப் போச்சு.

16/ 48 இலக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 6 இலக்கமா 8 தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியில்லாம வகுபடுற எண். அதனால ஒரு இலக்கம் தப்பா அடிச்சாலும் அந்தத் தொகுதியிலேயே தெரிஞ்சுடும். அவர் படிக்கப் படிக்க மாணவி அடிச்சாங்க. பூட்டு திறந்தது.

17/ நீலத் திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, நோட்பேடைக் கூப்பிட்டோம். அதில் ஃபைல், ஓப்பன் போய் "ஆல் ஃபைல்ஸ்" தேர்ந்தெடுத்தா, உள்ளே இருக்கிற ஃபோல்டர்கள் எல்லாம் தெரியும். அங்கேயே ரைட் கிளிக் பண்ணி காப்பி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட். எவ்வளவு ஆச்சுன்னு கோடு ஓடாது, உறைஞ்சு நின்ன மாதிரி இருக்கும். கைவைக்காம காத்திருங்க. முடிஞ்சதும் வேற கம்ப்யூட்டரில் போட்டு, எக்செல் ஷீட் திறக்குதா, கடைசி நோயாளி வரிசை வரை இருக்கான்னு பார்த்தோம். காப்பி ஆச்சுன்னா மட்டும் போதாது, திறந்து பார்க்கணும்.

18/ இதுக்கப்புறம்தான் வைத்தியம். சின்னதுலேர்ந்து பெரிசுக்கு. ஸ்டார்ட்அப் ரிப்பேர்: பலனில்லை. கடைசி அப்டேட்டை நீக்கும் வசதி: அதுவும் பலனில்லை. சரி, புதுசாவே போடுவோம். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் அந்த மாடலுக்கான ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்தோம். அதை செட்டப் ஃபைலாவே பென் டிரைவில் போட்டா உதவாது. பிரிச்சு உள்ளே இருக்கிற ஐஎன்எஃப் ஃபைலோட வைக்கணும். "லோட் டிரைவர்" கொடுத்ததும் காலியா இருந்த திரையில் டிஸ்க் வந்தது. 512ன்னு விற்கிறது விண்டோஸ் கணக்கில் 476 ஜிபின்னு காட்டும். குறையுதுன்னு பதற வேண்டாம்.

19/ யூடியூபில் பலர் "பயாஸில் விஎம்டியை ஆஃப் பண்ணுங்க"ன்னு சொல்லுவாங்க. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போடறதா இருந்தா அதுவும் சரிவரும். ஆனா பழைய விண்டோஸையும் டேட்டாவையும் காப்பாத்தணும்னா, டேட்டா எடுக்காம அதைத் தொடாதீங்க. பழைய விண்டோஸ் பூட் ஆகாம போகலாம், பிட்லாக்கரும் சாவி கேட்கும். சாவி கையில் இல்லைன்னா சிக்கல் இரண்டாயிடும்.

20/ கதை இத்தோட முடியலை. காப்பி ஆகும்போது பாதியில் நின்னுச்சு. பிழை எண் 80070570. அதாவது ஃபைல் கெட்டிருக்கு அல்லது படிக்க முடியலை. மாணவி முகம் மறுபடி வாடிப்போச்சு: "அப்ப டிஸ்க்தான் சார் போச்சு." அவசரப்படலை. இது முதல் லெஷன் இல்லை, வேற இடம். எங்கிருந்து படிக்குது? பென் டிரைவிலிருந்து. அந்தப் பென் டிரைவ் கடையிலிருந்து அவங்க வாங்கி வந்தது.

21/ மருத்துவத்தில் ஆக்கம் விதி தெரியும்: எல்லா அறிகுறிக்கும் ஒரே காரணம் தேடு. அதுக்குப் பதிலா ஹிக்கம் விதின்னு ஒண்ணு உண்டு: நோயாளிக்கு எத்தனை வியாதி வேணும்னாலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். இங்கே பாதியில் நின்ன அப்டேட், இல்லாத டிரைவர், கெட்டுப் போன பென் டிரைவ். மூணும் தனித்தனி. மூணையும் சேர்த்துப் பார்த்தா "டிஸ்க் போச்சு" மாதிரியே தெரியும்.

22/ ஒரே நேரத்தில் ஒரு மாற்றம்தான். வேற 16 ஜிபி பென் டிரைவ், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே எடுத்த மீடியா கிரியேஷன் டூல், அதே டிரைவர். வேற எதையும் மாத்தலை. தடையில்லாம ஏறிடுச்சு. அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தோம், எஸ்எஸ்டி ஆரோக்கியம் "குட்". விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கில் ரேமும் சரி. "செத்துப் போன" டிஸ்க் இன்னைக்கும் அதே லேப்டாப்பில் ஓடுது. தீசிஸ் நேரத்துக்குப் போச்சு.

23/ நிஜமாவே டிஸ்க் போகும் சமயமும் உண்டு. பயாஸிலேயே தெரியலை, அல்லது ஒரு தடவை தெரிஞ்சு ஒரு தடவை தெரியலை, பழைய ஹார்ட் டிஸ்க்கில் டக்டக்னு சத்தம், இதெல்லாம் அபாய அறிகுறி. அப்ப திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. முக்கியமான டேட்டா இருந்தா அணைச்சுட்டு, டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்ட போங்க.

24/ பிட்லாக்கரைத் திட்டி நிறைய கமென்ட் வரும்னு தெரியும். யோசிச்சுப் பாருங்க. அந்த லேப்டாப்பில் நோயாளிகளோட பெயர், வயசு, வியாதி, படம் எல்லாம் இருந்தது. அது ஒரு ராத்திரி முழுக்க முன்பின் தெரியாத கடையில் இருந்திருக்கு. அந்தப் பூட்டு இருந்ததால யாராலும் உள்ளே பார்த்திருக்க முடியாது. சாவியை நம்ம கையில் வெச்சுக்கிட்டா போதும்.

25/ விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்னைக்கு முடிஞ்சது. அதனால நிறைய பேர் இப்ப 11க்கு மாறிட்டிருக்கீங்க. அதுக்கு டிபிஎம் 2.0, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், பட்டியலில் உள்ள பிராசசர் வேணும். மாத்தறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரியே இந்த மூணும்:
ஒண்ணு: உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் ரெக்கவரி கீ இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா செட் பண்ணிக் கொடுத்தவர் கணக்கில் பாருங்க. பேப்பரில் எழுதி, லேப்டாப் பை இல்லாத வேற இடத்தில் வைங்க.
ரெண்டு: முக்கியமான ஃபைலுக்கு மூணு பிரதி, அதில் ஒண்ணு வீட்டுக்கு வெளியே. நோயாளி விவரம்னா அந்தப் பிரதிகளுக்கும் பூட்டு வேணும்.
மூணு: அப்டேட் ஓடும்போது சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

26/ கடையில் "டிஸ்க் போச்சு, ஃபார்மேட் அடிக்கணும்"னு சொன்னா சண்டை போடாதீங்க. இந்த ரெண்டு கேள்வியை மட்டும் கேளுங்க: "அண்ணே, பயாஸில் டிஸ்க் தெரியுதா? லோட் டிரைவர் கொடுத்துப் பார்த்தீங்களா?" பதில் வர்ற வரைக்கும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீங்க. தீசிஸ் எழுதிட்டிருக்கிற பிள்ளைங்க யாராவது வீட்டில் இருந்தா இந்த இழையை அனுப்பி வைங்க.