தென்காசி தரிசனமும் இல்லம் திரும்புதலும்

பொதிகை மலையின் அடிவாரத்தில், சிற்றாற்றங்கரையில் அமைந்த திருத்தலம் தென்காசி. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு ரயில், மறுநாள் காலையில் அன்பர்களை இவ்வூரில் இறக்கிவிடும். ஊருக்குள் நுழைவோரை முதலில் வரவேற்பது, சுமார் 180 அடி உயரத்தில் ஒன்பது நிலைகளுடன் விளங்கும் காசி விஸ்வநாதர் ஆலய இராஜகோபுரம். கோபுர வாயிலில் மலைக்காற்று தடையின்றி வீசும். ஆனி, ஆடி மாதங்களில் அக்காற்றுடன் சாரலும் கலந்து வந்து மேனியைத் தழுவும்.

இத்தலத்தின் வரலாறு, இருந்த இடத்தை இழந்து புதிய இடத்தில் வாழ்வை ஊன்றிக்கொண்ட ஒரு மரபின் வரலாறு. 14ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த படையெடுப்புகளால் மதுரை நிலைகுலைந்தது. பாண்டியர் தம் தொன்மையான தலைநகரை விட்டுத் தெற்கே வந்தனர். தலைநகர் போனாலும் சிவபூஜை போகவில்லை. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446ஆம் ஆண்டில் இவ்வாலயத் திருப்பணியைத் தொடங்கினான். அவன் மரபில் வந்த அதிவீரராம பாண்டியன், வடகாசியின் பெருமையைக் 'காசிக் காண்டம்' எனத் தமிழில் பாடினான்.

எறும்புச் சாரை காட்டிய இடம்

ஆலயம் எழுந்ததைக் குறித்துத் தலவரலாறு கூறும் செய்தி உருக்கமானது. அக்காலத்தில் தென்னாட்டிலிருந்து காசிக்கு நடந்தே சென்றவர்களுள் பலர், அங்கே சேருமுன் வழியிலேயே உயிர் நீத்தனர். அவர்கள்பால் இரக்கம் கொண்ட இறைவன் பாண்டியனின் கனவில் தோன்றி, எறும்புகள் சாரையாகச் சென்று முடியும் இடத்தில் தனக்கு ஆலயம் எழுப்புமாறு பணித்தான். மன்னன் தொடர்ந்து சென்றான். சிற்றாற்றங்கரையில், செண்பக வனத்தில் சிவலிங்கம் இருக்கக் கண்டான். காசிக்குச் செல்ல இயலாதவர்களுக்காகக் காசியே தெற்கே வந்தது. முழங்கால் வலியாலும் முதுமையாலும் நெடும்பயணம் கைகூடாத பெரியவர்கள், உலகம்மன் உடனுறை விஸ்வநாதர் சந்நிதியில் நிற்கும்போது இச்செய்தி அவர்கள் நெஞ்சுக்கு எத்தனை ஆறுதல்!

எறும்புச் சாரையின் குறுக்கே ஒரு விரலை இழுத்தால் அது கலைந்துபோகும். எறும்புகள் சற்று நேரம் திகைத்து அங்குமிங்கும் ஓடும். பின்னர் பழைய தடத்தைக் கண்டுகொண்டு மீண்டும் வரிசையாகும். இறைவன் தன் இருப்பிடத்தைக் காட்ட அச்சிற்றுயிரைத் தேர்ந்ததில் ஒரு பொருள் இருப்பதாகவே தோன்றுகிறது.

மொட்டைக் கோபுரத்தின் கீழ் ஒலித்த மணி

இராஜகோபுரப் பணியையும் பராக்கிரம பாண்டியனே தொடங்கினான். இத்திருப்பணிக்குப் பிற்காலத்தில் குறை நேரக்கூடும் என்பதையும் அவன் எண்ணிப் பார்த்தான். அவ்வாறு நேர்ந்தால் அதைச் செப்பனிட்டுக் காப்போரின் அடிகளில் தான் வீழ்ந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத எளியோரின் கால்களில் பணிந்த பணிவு அது.

அவன் எண்ணியவாறே கோபுரம் பிற்காலத்தில் சிதைந்தது. நெடுங்காலம் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. ஆயினும் அதன் கீழே விளக்கு ஏற்றப்பட்டது, மணி ஒலித்தது, அபிஷேகமும் நிவேதனமும் நடந்தன. கோபுரம் முழுமை பெறும்வரை பூஜை காத்திருக்கவில்லை. 1990ஆம் ஆண்டில் கோபுரம் மீண்டும் எழுப்பப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டது. நித்திய பூஜை நிலைத்திருந்தமையால் அன்றோ, அதற்கு மேல் ஒரு கோபுரத்தை மீண்டும் எழுப்ப ஊருக்கு மனம் வந்தது!

குற்றாலநாதருக்குக் கஷாயம்

தென்காசியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் திருக்குற்றாலம். திருஞானசம்பந்தர் இத்தலத்தையும் இதன் தலமரமான குறும்பலாவையும் தனித்தனியே பாடியருளினார். திருமாலின் திருவுருவை அகத்தியர் தம் கைகளால் அழுத்திக் குறுக்கிச் சிவலிங்கமாக்கினார் என்பது தலவரலாறு. அவ்வாறு அழுத்தியதால் உண்டான தலைவலி தீர இறைவனுக்குத் தைலாபிஷேகம் செய்யும் மரபு இங்கு உண்டு. மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய அத்தைலத்தைப் பிரசாதமாகப் பெற்று அன்பர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர்.

இன்னொரு வழக்கமும் இங்கே உண்டு. இடையறாது வீழும் அருவியின் குளிர்ச்சி இறைவனைத் தாக்காதிருக்க, அர்த்தஜாமத்தில் சுக்கு, மிளகு முதலியன சேர்த்த கஷாயம் நிவேதனமாகிறது. இல்லத்துப் பெரியவர்களுக்குப் பாட்டிமார் செய்த கைவைத்தியமே இங்கு இறைவனுக்கும் செய்யப்படுகிறது. குழல்வாய்மொழி அம்மையையும் தொழுது, சற்றுத் தொலைவில் உள்ள சித்திர சபையில் ஓவிய வடிவில் ஆடும் கூத்தப்பெருமானையும் தரிசித்தால் குற்றால யாத்திரை நிறைவுபெறும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நோய்த்தொற்றினால் ஊரடங்கு வந்தபோது கோயில் வாயில்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. அருவியில் நீர் விழுந்தது. நீராட ஆள் இல்லை. செப்டம்பர் 1ஆம் நாள் தமிழகக் கோயில்கள் மீண்டும் திறக்கும்வரை, அடைத்த கதவுகளுக்குள்ளே அர்ச்சகர்கள் நித்திய பூஜைகளை நடத்தி வந்தனர். காண ஒருவரும் இல்லாத வேளையிலும் செய்யப்படுவதே நித்திய கடன் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

யாத்திரையின் கடைசிப் படி

காசி யாத்திரை சென்றவர்கள் கங்கைச் சொம்புடன் இல்லம் திரும்பி, அதற்குப் பூஜை செய்து, சமாராதனை நடத்தி, வந்தவர்களுக்கு அன்னமிட்ட பின்னரே யாத்திரை முற்றுப்பெற்றதாகக் கொண்டனர் நம் முன்னோர். தலத்தை வழிபட்டபின் வேறெங்கும் செல்லாமல் நேரே வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்பதும் அவர்கள் வகுத்த நெறி. திரும்பி வருதலும் யாத்திரையின் ஓர் அங்கம்.

ஆயினும் திரும்பிய இல்லம் உடனே பழைய இல்லமாகிவிடுவதில்லை. சில நாள் யாத்திரையானாலும், பிள்ளைகளுடன் வெளியூரிலோ வெளிநாட்டிலோ பல மாதங்கள் தங்கி வந்தாலும் நிலை ஒன்றே. வாசலில் கோலம் இல்லை. பூஜை மாடத்தில் பூக்கள் சருகாகிக் கிடக்கின்றன. திரி கருகியிருக்கிறது. சுவரில் தொங்கும் நாட்காட்டி, புறப்பட்ட நாளிலேயே நின்றுவிட்டது. உறக்கம் நேரம் மாறுகிறது. மருந்து வேளை தவறுகிறது. 'இனி எல்லாம் முன்போல் ஆகுமா?' என்ற மெல்லிய அச்சம் முதியவர் மனத்தில் எழுகிறது. தனித்து வாழ்வோருக்கு அவ்வச்சம் இன்னும் கனமானது.

அதற்கு மறுமொழியைத் தென்காசியே தருகிறது. கோபுரம் முழுவதையும் ஒரே நாளில் எழுப்ப வேண்டியதில்லை. விளக்கு ஏறினால் போதும். முதல் நாளில் வாசல் தெளித்து இரண்டு இழைக் கோலம், துலக்கிய விளக்கில் புதுத் திரி, ஒரு நிவேதனம். குற்றாலநாதரைப் போலவே உடம்புக்கும் சற்றுச் சுக்குக் கஷாயம், எளிய இரசஞ்சாதம், ஓய்வு. மூட்டை முடிச்சுகள் ஓரிரு நாள் பிரிக்கப்படாமல் இருந்தாலும் குறையில்லை. மருந்து மட்டும் அதற்குரிய வேளையில் உட்கொள்ளப்பட வேண்டும். மறுநாள் ஒரு சிறு பாராயணம். அடுத்த நாள் அண்டை வீட்டாருக்குப் பிரசாதம் கொடுத்தல். அதன்வழி மனிதர் உறவும் பழைய தடத்துக்குத் திரும்பும். முடியாதவர்கள், கோலத்தையோ சமையலையோ பிறர் கையில் விட்டு, விளக்கை மட்டும் தம் கையால் ஏற்றலாம். செப்பனிடுவோரின் அடி பணிந்த மன்னனின் நாட்டில், உதவி பெறுவதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து சென்று தாமிரபரணியில் கலக்கிறது. கோடையில் அது மெலிந்து மணல் தெரியக் கிடக்கும். சாரல் தொடங்கியதும் தன் பழைய தடத்திலேயே மீண்டும் நிறைந்து ஓடும். இல்லந்தோறும் நித்திய விளக்கு அவ்வாறே நிலைபெற விஸ்வநாதரும் உலகம்மையும் அருள்புரிவார்களாக.