எழுபது வளைவுக்கு முன்னால் ஒரு பட்டறை

சேலத்திலிருந்து தெற்கே 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வந்தால், மல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. நடுநடுவே ஜவ்வரிசி ஆலை, நீளநீளமாகக் கோழிப் பண்ணைக் கொட்டகை. புதுச்சத்திரம் கடந்து நாமக்கல் நெருங்கும்போது இடதுபுறம் தூரத்தில் கொல்லிமலை நீலமாகத் தெரியும். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது நாமக்கல். வெளியூர்க்காரர்கள் ஒற்றைப் பாறைமேல் இருக்கும் கோட்டையையும் ஆஞ்சநேயரையும் பார்க்க வருகிறார்கள். வண்டி வைத்திருப்பவர்களுக்கோ நாமக்கல் என்றால் பட்டறைதான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, டேங்கர் பட்டறை, பம்ப் நாசில் பார்க்கும் கடை என்று சாலையோரமெல்லாம் வெல்டிங் பொறி பறக்கும். பக்கத்தில் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள். இங்கே வேலை பழகிய கைகளுக்கு என்ஜின் சத்தமே பாதி சேதி சொல்லிவிடும்.

அப்படி ஒரு சின்னப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். கொல்லிமலை விவசாயி ஒருவர் பழைய டர்போ டீசல் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். மிளகும் வாழைத்தாரும் கீழே இறக்கிவிட்டு, திரும்பும்போது உரமூட்டை ஏற்றிப் போகிறவர். பத்து நாளாக வண்டியில் இழுவை இல்லை. சமதரையில் ஓடுகிறது, மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம்தான் வருகிறது, வேகம் வரவில்லை. முந்தின வாரம் மூட்டையோடு ஒரு வளைவில் நின்று, பின்னால் நகரத் தொடங்கிவிட்டதாம். கல் முட்டுக் கொடுத்துத்தான் தப்பித்திருக்கிறார். வேறொரு இடத்தில் காட்டியதற்கு, பம்ப்பைக் கழற்றணும், 25,000 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார்கள். மிளகு விற்ற காசு மொத்தமும் அதற்கே போய்விடும்.

மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது இதுதான்.

“ஏனுங்க, மிதிக்கிறப்ப புகை என்ன நிறத்துல வருதுங்க?”

“கருப்பாத்தான் வருதுங்க, தம்பி.”

“அப்ப டீசல் போகுது. காத்துதான் பத்தலைங்க. பம்ப்பை அப்புறம் பாத்துக்கலாம்.”

நாசில் கெட்டாலும் கருப்புப் புகை வரும். ஆனால் நாசிலைக் கழற்றக் காசு வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க நாலு கிளிப்பை நெம்பினால் போதும். திறந்தார். ஃபில்டர் தாள் மடிப்புக்குள் செம்மண் அப்பியிருந்தது. ஓரத்தில் எலி இழுத்துவந்து வைத்த வைக்கோல். தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் இது அடிக்கடி பார்க்கக்கூடியதுதான். புது ஃபில்டர் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் தேறியது, முழுதாக இல்லை.

இரண்டாவது கோளாறை அவர் கையால் கண்டுபிடித்தார். என்ஜினை அணைத்துவிட்டு, டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸை அடிப்பக்கமாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் எண்ணெயும் தூசியும் பிசுபிசுவென்று ஒட்டியது. கிளிப்புக்குப் பக்கத்தில் கீறல். வண்டி சும்மா நிற்கும்போது அந்தக் கீறல் மூடியே இருக்கும். மிதித்து டர்போ காற்றை அழுத்தும்போதுதான் வாய் திறந்து, ‘உஸ்’ என்று காற்று வெளியே போகும். அதனால்தான் சமதரையில் தெரியாத கோளாறு மேட்டில் தெரிகிறது. ஹோஸ் மாற்றியதும் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை போய், மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தோம். நானும் தொற்றிக்கொண்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. சோதனைக்கு முதல் பத்தே போதும். இரண்டாவது கியரில் முக்காமல் முனகாமல் ஏறியது, புகையும் இல்லை.

மலை உச்சியில் கொஞ்சம் இழுவை குறைவது கோளாறு அல்ல. டர்போ இல்லாத என்ஜினுக்கு 1,000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும். அங்கே காற்றே மெலிவு.

திரும்பும் வழியில் மற்ற கோளாறுகளையும் கேட்டேன். புகையே இல்லாமல் மூச்சு முட்டுவதுபோல் விட்டுவிட்டு இழுத்தால் டீசல் வரத்தில் அடைப்பு. டீசல் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். டிராக்டருக்கு வாங்கி கேனில் வைத்த டீசலைக் காருக்கும் ஊற்றுகிறோம் அல்லவா? கேன் அடியில் தங்கும் தண்ணீரும் துருவும் ஃபில்டருக்குத்தான் போகும். ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்கலாம். என்ஜின் வேகமெடுத்து வண்டி மட்டும் எடுக்காவிட்டால், கூடவே கருகல் வாடையும் வந்தால், கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று அர்த்தம். தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டி என்றால் வேறு விதம். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. தோட்டத்துக்கும் சந்தைக்கும் நாலு கிலோமீட்டர் மட்டுமே ஓடினால், சூடேறாமல் அதில் கரி சேரும். விளக்கு எரியும், பிறகு இழுவையும் குறையும். கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் சிறிது நேரம் ஓட்டினால் பெரும்பாலும் கரி எரிந்துவிடும். என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் பட்டறைக்குப் போவதே நல்லது.

காகித ஏர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. காற்றடிப்பதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. வெளியிலிருந்து அடித்தால் மண் மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போகும்.

வண்டிக் கோளாறு பற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள் வண்டியின் ஆண்டு, பெட்ரோலா டீசலா, புகையின் நிறம், எந்த கியரில் இழுவை குறைகிறது, கடைசியாக ஃபில்டர் மாற்றியது எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.