பறக்காத ஈ

இது நான் ஈ வளர்த்த கதை. சிரிக்கக் கூடாது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஃபைட்டர் மீன் இருக்கிறது. வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈ என்றால் அதற்கு உயிர். ஆனால் பிடித்துப் போட்டால் பாதி ஈ பறந்துவிடும். அப்புறம் பாட்டியிடம் திட்டு.

திருச்சியில் விலங்கியல் படிக்கும் பெரியப்பா மகன் அண்ணன் ஒரு குப்பியில் வேறு ஈ கொண்டுவந்தார். இறக்கை வெறும் துணுக்கு. நடக்கும், பறக்காது. பரம்பரையாக வரும் குணமாம். 1910இல் வெள்ளைக் கண் ஈயைக் கண்ட மார்கன் இருக்கிறாரே, அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்ததுதான் இதுவும். மைசூர் பல்கலைக்கழகத்தில் பழ ஈ வகைகளைப் பாதுகாக்கவே ஒரு மையம் உண்டு என்றார்.

கூட்டிலிருந்து அப்போதுதான் வந்த ஈக்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, மசித்த பழம் வைத்து, துணி கட்டினேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் குபீரென்று பறக்குது! எல்லாம் போச்சு. தங்கச்சிதான் திறந்திருப்பாள் என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். மூன்று நாள் பேசவில்லை. உண்மையில், பாட்டி தொங்கவிட்ட பூவன் தாருக்குப் பக்கத்தில் வைத்துப் பழம் மாற்றியது நான்தான். வீட்டு ஈ அப்போது புகுந்திருக்கிறது.

கொட்டிவிடலாம் என்றிருந்தேன். அறிவியல் டீச்சர் தடுத்தார்கள். "குட்டை இறக்கை ஒழிஞ்சு போகலடா, ஒளிஞ்சிருக்கு. அது ஒடுங்குபண்பு. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் வெளியே தெரியும். பறக்கிற குஞ்சுகளை மட்டும் தனியா வளர்த்துப் பாரு."

பாடத்தில் பட்டாணிச் செடிக்கு இதையே மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். ஈயைப் பார்த்தபோது ஞாபகமே வரவில்லை!

புது பாட்டில். பன்னிரண்டாம் நாள் காலையில் தங்கச்சி கத்தினாள்: "அண்ணா, இது பறக்கல, நடக்குது பாரு!" பெற்றவை எல்லாம் இறக்கை உள்ளவை. பிள்ளைக்கு இல்லை. ஒரு வாரம் எண்ணினோம். 93 ஈயில் 22 குட்டை இறக்கை. நாலில் ஒன்று என்ற கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள், ஒரு நிபந்தனையோடு. அவள் முதலில் பார்த்த ஈயை மட்டும் மீனுக்குப் போடக் கூடாதாம். அது இப்போது தனிக் குப்பியில் ராஜா மாதிரி இருக்கிறது. தினமும் பூவன் பழம்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு